வேறு நம்பிக்கையுள்ளவர்களை வீட்டுக்கும் சபைக்கும் வரவேற்பது எப்படி: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி மாதம் எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண், ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. "அக்கா, கீழ் வீட்ல மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தி, ஒரு சொம்புல கொண்டுவந்து கொடுத்தாங்க. வேணாம்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். மூணு நாளா அவங்க என்கிட்ட பேசலை. நான் செஞ்சது சரியா, தப்பா?"

கூழை வாங்காதது தப்பில்லை, கதவைச் சாத்தியதுதான் தப்பு என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. பிறகு என்ன செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அன்று அவளுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நாலு மொழியும் காதில் விழும் ஊர் இது. எதிர் வீட்டில் தெலுங்கு பேசும் இந்துக் குடும்பம், பக்கத்தில் உருது பேசும் முஸ்லிம் குடும்பம், தெருக்கோடியில் கடவுளே இல்லை என்று சொல்லும் ஓய்வுபெற்ற வாத்தியார். முப்பது வருடமாக இவர்கள் நடுவில்தான் ஒரு கிறிஸ்தவ வீட்டை நடத்தி வருகிறேன்.

1. முதலில் உங்கள் வீட்டுக்குள் பேசி முடிவெடுங்கள்

வாசலில் ஆள் நிற்கும்போது முடிவெடுக்கப் போனால் முகம் கோணிவிடும். பயம்தான் அதற்குக் காரணம். எது சரி என்று நமக்கே தெரியாதபோது வெடுக்கென்று பேசுகிறோம், இல்லையென்றால் மனசில்லாமல் தலையாட்டிவிட்டு ராத்திரி முழுக்கப் புழுங்குகிறோம். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

அதனால் கணவனும் மனைவியும், பெரிய பிள்ளைகள் இருந்தால் அவர்களும், ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். படைத்த பண்டத்தை வாங்குவோமா? திருவிழா வரி கேட்டால் என்ன சொல்வோம்? கிரகப்பிரவேசத்துக்குப் போனால் பூஜை நேரத்தில் எங்கே நிற்போம்? துக்க வீட்டில் எதுவரை செய்வோம்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜைக்கு உட்காரச் சொன்னால்? ஒரு தாளில் எழுதியே வையுங்கள்.

எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் வராது. அப்போஸ்தலனாகிய பவுல் ரோமர் 14-ஆம் அதிகாரத்தில் உணவு, நாள் பார்ப்பது போன்றவற்றைப் பேசும்போது, "அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று எழுதுகிறார். அந்த நிச்சயத்தை வீட்டில் உட்கார்ந்து ஜெபித்துத் தேட வேண்டும். எங்கள் வீட்டில் நானும் என் கணவரும் ஒரு விஷயத்தில் இரண்டு வருடம் ஒத்துப்போகவில்லை. அதுவரை இருவரில் யாருக்கு மனம் உறுத்தியதோ அவர் பக்கமே முடிவெடுத்தோம்.

2. உங்கள் நிலையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

பண்டிகை அன்று சொல்வதைவிட, ஒரு சாதாரண நாளில், தண்ணீர் பிடிக்கும் இடத்திலோ மாடியில் துணி காயப்போடும்போதோ சொல்வது நல்லது. ஒரு தடவை சொன்னால் போதும். அவர்கள் சாமியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். உங்களைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

எதிர் வீட்டு அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: "அக்கா, நான் இயேசுவை மட்டும் கும்பிடுறவ. அதனால சாமிக்குப் படைச்சதை மட்டும் நான் சாப்பிடுறதில்லை. உங்க கையால செஞ்ச வேற எதுவா இருந்தாலும் கேட்டே வாங்கிச் சாப்பிடுவேன். தப்பா நெனச்சுக்காதீங்க." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க மாமியாரும் ஒரு பொழுது இருக்கிற நாள்ல யார் வீட்லயும் கை நனைக்க மாட்டாங்க, அது மாதிரியா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அது மாதிரிதான் என்றேன்.

விரதம், கட்டுப்பாடு, நேர்த்தி எல்லாம் நம் ஊர் மக்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள். ஒருவர் தன் பக்திக்காக ஒன்றை விலக்குகிறார் என்றால் அதை மதிக்கிற ஊர் இது. இழிவாக ஒதுக்கினால்தான் புண்படுகிறார்கள்.

சொன்னதன் இரண்டாம் பாதியை மறந்துவிடக் கூடாது. "கேட்டே வாங்கிச் சாப்பிடுவேன்" என்று சொன்னால் உண்மையிலேயே கேட்க வேண்டும். அடுத்த வாரம் நான் அவர் வீட்டுக்குப் போய், களியும் கீரைக் கடைசலும் இருக்கிறதா என்று கேட்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். யோவான் 4-ஆம் அதிகாரத்தில் இயேசு சமாரியப் பெண்ணிடம் முதலில் கேட்பது தண்ணீர். யூதர்கள் சமாரியரோடு சம்பந்தம் கலவாத காலம் அது. அதே பேச்சில்தான் பிற்பாடு, "நீங்கள் அறியாததைத் தொழுதுகொள்ளுகிறீர்கள்" என்றும் சொல்கிறார். அவள் எழுந்து போய்விடவில்லை. அவள் கையால் தண்ணீர் கேட்டவர் அல்லவா?

3. படையல், பிரசாதம், கறி: சாப்பாட்டு விஷயத்தில் நிதானமாக இருங்கள்

நடைமுறையில் பாதிச் சிக்கல் சாப்பாட்டில்தான் வரும். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை உள்ள அதிகாரங்களை ஒரே மூச்சில் படியுங்கள். நாம் இங்கே கேட்கும் கேள்விதான் கொரிந்து பட்டணத்திலும் இருந்தது. கடையில் விற்பதை எங்கிருந்து வந்தது என்று துருவாமல் வாங்கிச் சாப்பிடலாம். விசுவாசியாய் இல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால் போய், முன்னால் வைத்ததைச் சாப்பிடலாம். ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருக்காகவும் மனச்சாட்சிக்காகவும் சாப்பிடாமல் இருங்கள். பவுலின் அறிவுரை சுருக்கமாக இதுதான். விருந்துக்கே போகாதே என்று அவர் சொல்லவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

எங்கள் வீட்டுப் பழக்கம் இது. படைத்தது என்று தெரிந்தால் சாப்பிடுவதில்லை. தெரியாமல் யாராவது நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கி, "நன்றிம்மா, நான் படைச்சது சாப்பிடறதில்லை, வீணாக்கவும் மனசில்லை, நீங்களே பிள்ளைகளுக்குக் கொடுங்க" என்று அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். வாங்கிக்கொண்டு போய்க் குப்பையில் போடுவதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள். நம்மை நம்பிக் கொடுத்தவரை ஏமாற்றுவது அது. தெரு நாய் அதைக் கிளறும்போது கொடுத்தவர் பார்க்க நேர்ந்தால் நாம் எந்த முகத்தோடு நிற்பது?

எதிர் வீட்டு அக்கா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது, படையலுக்கு எடுத்து வைத்தது போக மீதியில் எங்களுக்கு ஒரு டப்பா. பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும். வெளிப்படையாகப் பேசியதால்தான் இது முடிந்தது.

பக்ரீத் கறியைப் பற்றி எங்கள் சபையிலேயே இரண்டு கருத்து உண்டு. அது ஒரு பலி என்பதால் வாங்குவதில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். ஆபிரகாமை நினைத்து, ஏழைக்கும் அயலாருக்கும் பங்கு கொடுக்கிற வழக்கம் என்று வாங்குபவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வாங்குகிறோம். வாங்காதவர்களை நான் குறை சொல்வதில்லை.

இனி நம் வீட்டில் சமைக்கும்போது. சைவர்கள் வருகிறார்கள் என்றால் பாத்திரம், கரண்டி, பரிமாறும் மேசை எல்லாம் தனியாக இருக்கட்டும். பிரியாணி அண்டாவில் கறியை ஒதுக்கிவிட்டுச் சோறு போடுவது சைவச் சாப்பாடு ஆகாது. முஸ்லிம் குடும்பம் வருமானால் பன்றிக்கறி அன்று அடுப்பு ஏறவே கூடாது, கோழியை பாய் கடையில் வாங்குங்கள், எங்கே வாங்கியது என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸ் கேக்கில் ரம் ஊறிய பழம் இருந்தால் அவர்களுக்குத் தனி கேக் செய்யுங்கள். மாட்டுக்கறி சமைத்திருந்தால் தெரியாமல் யார் தட்டிலும் விழக் கூடாது. நம் மனச்சாட்சியை மதிக்கச் சொல்லிக் கேட்கிற நாம், அவர்கள் மனச்சாட்சியை அதே அளவு காப்பாற்ற வேண்டும்.

4. உங்கள் வீட்டு ஜெபத்துக்கு அழைத்தால், பேச வருபவரிடம் முதலில் பேசுங்கள்

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் சமயம், எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். எதிர் வீட்டு அக்காவை நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்து முன்னால் உட்கார வைத்தேன். பாட்டெல்லாம் கேட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்தார். பேச வந்தவர், நடுவில், கல்லைக் கும்பிடுகிறவர்கள் என்று ஆரம்பித்துக் கேலியாகப் பேசத் தொடங்கினார். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் எழுந்து போய்விட்டார். நான் எழுந்திருக்கவில்லை. கூட்டம் நடக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் பால் வாங்கும் நேரத்துக்கே போய் நின்றேன். "என் வீட்டுக்குக் கூப்பிட்டு உங்களை அவமானப்படுத்திட்டேன், மன்னிச்சிருங்கக்கா" என்றேன். "நீயா பேசினே?" என்றார். நான் தடுக்கவில்லையே என்றேன். காபி போட்டுக் கொடுத்தார். அடுத்த வருடக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை, அதற்கடுத்த வருடம்தான் வந்தார்.

அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது. பவுல் எபேசுவில் இரண்டு வருடத்துக்கும் மேலாகப் போதித்தார். அந்த ஊரே தியானாள் தேவியின் ஊர். கலகம் வந்தபோது, அந்த ஊரின் அதிகாரி ஒருவரே கூட்டத்தைப் பார்த்து, இவர்கள் கோயிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, உங்கள் தேவியை நிந்தித்தவர்களும் அல்ல என்கிறார். கிறிஸ்துவைத் தவிர வேறு எதையும் பிரசங்கிக்காத பவுலின் கூட்டத்தாருக்கு, வேறு நம்பிக்கையுள்ள ஒரு மனிதர் கொடுத்த சாட்சி இது. இப்போது என் வீட்டில் பேச வருகிற யாராக இருந்தாலும், இந்த வசனத்தைக் காட்டி, இன்னார் வருகிறார்கள், இயேசுவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், மற்றவர்களின் தெய்வத்தைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரை அழைக்கவில்லை.

அழைக்கும்போதும் உண்மையைச் சொல்லி அழையுங்கள். "சும்மா சாப்பாட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரப் பிரசங்கம் வைக்காதீர்கள். "ஆறு மணிக்கு ஜெபம், ஏழரைக்குச் சாப்பாடு, எதுக்கு வேணும்னாலும் வாங்க" என்று சொன்னால் அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

5. சபைக்கு வந்தால் பக்கத்தில் ஒருவர் உட்காருங்கள்

வருபவரைத் தனியே விடாதீர்கள், மேடையில் இருந்து சுட்டிக்காட்டவும் வேண்டாம். "இன்று நம் நடுவில் வந்திருக்கும் இந்துச் சகோதரர் எழுந்து நிற்கவும்" என்று அறிவிப்பது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். செருப்பை எங்கே விடுவது, எப்போது எழுந்து நிற்பது, முக்காடு போட வேண்டுமா, காணிக்கைப் பை வந்தால் என்ன செய்வது, இவையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னால் போதும். காணிக்கை போட வேண்டிய அவசியமில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். தலையில் கைவைத்து ஜெபிக்கும் முன், "உங்களுக்காக ஜெபம் பண்ணலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள்.

திருவிருந்து இருக்கும் ஞாயிறு என்றால் முன்னதாகவே விளக்குங்கள். பிரசாதம் எல்லோருக்கும் பொது என்று பழகியவர்கள், வரிசையில் எழுந்து வருவது இயல்பு. பாதி வழியில் தடுத்தால் அவமானமாகிவிடும். "இது ஞானஸ்நானம் எடுத்தவங்க இயேசுவோட மரணத்தை நினைச்சு எடுக்கிறது. நீங்க உட்கார்ந்திருங்க, நானும் உங்க கூட இருக்கேன்" என்று சொல்லுங்கள். பல சபைகளில் முன்னால் வந்து ஆசீர்வாதம் மட்டும் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் ஆயரிடம் கேட்டு வையுங்கள். இந்த எல்லையைத் தளர்த்தினால்தான் வரவேற்பு என்று நான் நினைக்கவில்லை. ஏன் இந்த எல்லை என்று அன்பாகச் சொல்லத் தெரிந்தால், வருபவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

இங்கே இன்னொரு கூட்டத்தாரையும் சொல்ல வேண்டும். மனதுக்குள் இயேசுவை நம்பிக்கொண்டு, வீட்டில் வெளியே சொல்ல முடியாமல், கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்வதற்குள் எழுந்து போகும் பெண்கள். தர்மபுரி பக்கமும் எங்கள் பக்கமும் இப்படி நிறையப் பேரைப் பார்க்கிறேன். பொட்டு வைத்திருக்கிறாயே, வீட்டில் விளக்கு ஏற்றுகிறாயே என்று அவர்களைப் பிடித்து உலுக்காதீர்கள். 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தில், குஷ்டரோகம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனி கர்த்தருக்கு மட்டுமே பலியிடுவேன் என்கிறான். அதே மூச்சில், என் ராஜா, ரிம்மோன் என்கிற அவர்கள் தெய்வத்தின் கோயிலில் என் கைமேல் சாய்ந்து பணியும்போது நானும் குனிய வேண்டிவருமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா அவனைத் திட்டவில்லை, "சமாதானத்தோடே போ" என்கிறார். அந்தப் பெண்களிடம் நானும் வேறு எதுவும் சொல்வதில்லை.

6. தெருவின் காரியங்களில் எதுவரை

திருவிழா வரிக்கு ரசீதுப் புத்தகத்தோடு வரும்போது கதவுக்குப் பின்னால் ஒளியாதீர்கள். பூஜைச் செலவுக்கு நாங்கள் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், மோர் என்று எதையாவது ஏற்றுக்கொள்கிறோம். திரௌபதி அம்மன் விழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும்போது எங்கள் திண்ணையில் நாலு பேர் படுத்திருப்பார்கள்.

துக்க வீட்டுக்குக் கட்டாயம் போங்கள், முதல் ஆளாகப் போங்கள். மாலை போடலாம், கட்டிப்பிடித்து அழலாம், பாடைக்குத் தோள் கொடுக்கலாம். வாய்க்கரிசி போடும் நேரத்தில் நான் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்வேன். யாரும் அதைக் கவனித்ததுகூட இல்லை. அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. வந்த சனத்துக்கு டீயும் பிள்ளைகளுக்கு இட்லியும் யாராவது பார்க்க வேண்டும். அதைக் கேட்காமலே எடுத்துச் செய்யுங்கள்.

7. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே வேறுபாடு

சில சமயம் இதுதான் கஷ்டம். மாமியார் வீடு ரோமன் கத்தோலிக்கம், தம்பி பெந்தெகொஸ்தே, ஒரு சிநேகிதி சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரிப்பவர். எங்கள் தென்னிந்தியத் திருச்சபையே 1947 செப்டம்பர் 27 அன்று, வேறு வேறு வழக்கங்கள் கொண்ட சபைகள் சேர்ந்து உண்டானதுதான். கத்தோலிக்கத் திருச்சபையும் 1965-இல், அதன் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடு ஒன்றில், பிற சமயங்களில் உள்ள உண்மையான, தூய்மையான எதையும் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. கிறிஸ்துவை அறிவிக்கும் கடமையையும் அதே ஏட்டில் விட்டுவிடவில்லை.

மாமியார் ஜெபமாலை சொல்லும்போது நான் சத்தம் போடாமல் பக்கத்தில் உட்காருவேன். மாதாவிடம் நான் வேண்டுவதில்லை என்று அவருக்குத் தெரியும். "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?" என்று ரோமர் 14 கேட்கிறது. அந்தக் கேள்வியை என் தம்பிக்கும் பலமுறை நினைவூட்டியிருக்கிறேன், எனக்கும்தான்.

8. வேறு மதத்து மருமகள் வந்தால்

காதல் கல்யாணம் நடந்து முடிந்தபின் நிபந்தனை போடாதீர்கள். 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, 30 நாள் அறிவிப்புக் கொடுத்து, யாரும் மதம் மாறாமலே பதிவு செய்யலாம். ஞானஸ்நானத்தைக் கல்யாணப் பத்திரிகைக்கு முந்தின சடங்காக நடத்துவது ஞானஸ்நானத்துக்கே மரியாதை இல்லை. குடும்ப ஜெபத்தில் அவளுக்கு ஒரு இடம் இருக்கட்டும், உட்காருவதும் உட்காராததும் அவள் விருப்பம். அவள் அம்மா வீட்டுப் பொங்கலுக்கு அவளை அனுப்புங்கள், முகம் சுளிக்காமல். பிறக்கும் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்பதை மட்டும் மகனும் மருமகளும் கல்யாணத்துக்கு முன்பே பேசி முடிக்கட்டும். அதைத் தள்ளிப்போட்ட வீடுகளில் பிற்பாடு தாங்க முடியாத வருத்தம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

9. கேள்வி கேட்டால் மழுப்பாதீர்கள்

"எல்லா சாமியும் ஒண்ணுதானேம்மா?" இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. பெரும்பாலும் நல்ல மனசோடு, சமாதானத்துக்காகத்தான் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த நிமிடம் சுலபமாகக் கழியும். ஆனால் நான் நம்புவது அது அல்ல. நான் சொல்வது: "எனக்கு அப்படிச் சொல்ல முடியலைக்கா. இயேசு எனக்காகச் செத்து, உயிரோட எழுந்தாருன்னு நம்புறேன். அவரை விட்டா எனக்கு வேற வழி தெரியாது. ஆனா உங்க பக்தியைக் குறைச்சு நெனச்சதில்லை." பிறகு வாயை மூடிக்கொள்வேன். மேலே கேட்டால் சொல்வேன். 1 பேதுரு 3:15 உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது, "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று சேர்த்தே சொல்கிறது.

முஸ்லிம் வீட்டாரோடு பேச்சு வேறு இடத்தில் தொடங்கும். அவர்கள் ஈசா நபி என்று இயேசுவை மரியாதையோடுதான் சொல்வார்கள். குர்ஆனில் 19-ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம். ஆனால் தேவகுமாரன் என்பதையும் சிலுவை மரணத்தையும் அவர்கள் ஏற்பதில்லை. பொதுவாக உள்ளதைச் சந்தோஷமாகப் பேசுங்கள், வேறுபடும் இடம் வரும்போது அதை மறைக்காதீர்கள். தெருக்கோடி வாத்தியார் கேட்கும் கேள்விகள்தான் எனக்குக் கடினம், குறிப்பாகச் சாதி பார்க்கிற கிறிஸ்தவர்களைப் பற்றி. அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. தப்புதான் சார் என்று ஒத்துக்கொள்கிறேன்.

10. நீங்களும் அவர்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள்

உபசரிப்பது நாமாகவே இருந்துகொண்டிருந்தால் மேலே உட்கார்ந்து கொடுப்பவர்களாகிவிடுவோம். கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரை ஏறிய பவுலுக்கு, மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டிக் கொடுத்தவர்கள் அவர் நம்பிக்கையை அறியாத தீவுக்காரர்கள். அப்போஸ்தலர் 28-இல் அந்த அன்பு "கொஞ்சமல்ல" என்று எழுதி வைத்திருக்கிறது.

என் கணவர் உடம்பு சரியில்லாமல் பெங்களூரில் பதினோரு நாள் படுத்திருந்தபோது, பிள்ளைகளுக்குச் சோறு போட்டது எதிர் வீடு, ராத்திரித் துணைக்கு வந்து படுத்தது பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மா. அவர்கள் தொழுகையில் துவா செய்தார்கள், இவர்கள் வேண்டிக்கொண்டார்கள். அதையெல்லாம் திருத்தப் போகவில்லை நான். அன்பாகச் செய்ததை அன்பாக வாங்கிக்கொண்டேன்.

கூழை மறுத்த பெண்ணுக்கு நான் கடைசியாகச் சொன்னது: நாளைக் காலையில் போ. மன்னிப்புக் கேள், ஏன் வாங்கவில்லை என்று சொல். கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போ, வெறுங்கையோடு போகாதே. மாங்காய் காலம் முடிந்துவிட்டது, இருந்தாலும் அவள் மாமியார் போட்ட ஊறுகாய் ஜாடியில் இருந்தது. ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போயிருக்கிறாள். போன வாரம் அந்தக் கிண்ணம் திரும்பி வந்ததாம், உள்ளே கொஞ்சம் கொள்ளு வைத்து. "சாமிக்கு வைக்கலைம்மா, கடையில வாங்கினதுதான்" என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம்.